குடிநீரின் கதை – 9: கரிக்குள் குடிவந்தவர்கள்

சென்ற வாரம் ரோட்டர்டாம் நகரில் ஒரு மனிதரை, கையில் கண்ணாடிக் குப்பியோடு நிறுத்திவிட்டு வந்தோம். குப்பியில் பாதி தண்ணீர், மீதி காற்று. வாய் ரப்பர் மூடியால் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பது ஊர்க் குழாய்களுக்குப் போகத் தயாரான தண்ணீர். குளோரின் போட்டு, வடிகட்டி, அன்றைக்கு இருந்த எல்லாச் சோதனைகளிலும் தேறிய தண்ணீர்.

யோஹானஸ் ரோக் ரோட்டர்டாம் குடிநீர் நிலையத்தின் வேதியியலாளர். அவர் கையாண்ட முறை பீர் ஆலைகளில் பழகிய முறை. பீரின் மணத்தை அளக்க அங்கே பீருக்கு மேலே தேங்கும் காற்றை ஆராய்வார்கள். எளிதில் ஆவியாகும் பொருள் எதுவானாலும் திரவத்தை விட்டு எழும்பி அந்தக் காற்றில் வந்து நிற்கும். குப்பியை இளஞ்சூட்டில் வைத்து, ரப்பர் மூடி வழியாக ஊசியை இறக்கி, உள்ளிருக்கும் காற்றைச் சிறிது உறிஞ்சி எடுத்து கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள் செலுத்த வேண்டும். கருவிக்குள் இருக்கும் மெல்லிய நீண்ட குழாயில் ஒவ்வொரு பொருளும் அதனதன் வேகத்தில் நகரும். ஒன்றன்பின் ஒன்றாக மறுமுனைக்கு வந்து சேரும். ஒவ்வொன்றும் வந்து சேரும்போது, ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தில் பேனா ஒரு முகடு வரையும்.

பேனா எழும்பியது. ஒரு முகடு, அடுத்து இன்னொன்று, அதன்பின் இரண்டு. முதல் முகட்டின் பெயர் குளோரோஃபார்ம்.

1847-லிருந்து அறுவை சிகிச்சைக் கூடங்களில் நோயாளியை மயங்க வைத்த அதே குளோரோஃபார்ம். லட்சக்கணக்கானவர்கள் தினமும் குடிக்கும் தண்ணீரில் அதற்கு என்ன வேலை?

ஆற்றில் எவரோ கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு நியாயமும் இருந்தது. அன்றைய ரைன் நதியை ஐரோப்பாவின் சாக்கடை என்றே பத்திரிகைகள் எழுதின. 1969 ஜூன் மாதம் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்து மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. நெதர்லாந்தின் குடிநீர் நிலையங்கள் ஆற்றுநீர் எடுப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களால் பிற்பாடு நமக்கும் தெரியவந்த அதே எண்டோசல்பான்தான்.

ஆனால் ரோக் ஆற்றிலிருந்து நேரே எடுத்த தண்ணீரைக் குப்பியில் அடைத்துப் பார்த்தபோது அந்த நான்கு முகடுகளும் எழும்பவில்லை. குளோரின் சேர்க்கும் இடத்தைத் தாண்டிய பிறகே அவை தலைகாட்டின. அவர் இன்னொன்றும் செய்து பார்த்தார். ஆலைக்கழிவு எதுவும் படாத சதுப்பு நிலத்தின் மக்கிய மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தப் பழுப்புச் சாற்றில் குளோரினைச் சேர்த்தார். அதே முகடுகள் அங்கேயும் வந்தன.

காட்டில் உதிர்ந்து மக்கும் இலைகளும் வேர்களும் எல்லா ஆற்றுக்கும் ஒரு மெல்லிய பழுப்பைத் தருகின்றன. ஹியூமிக் பொருள்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். பெரிய பெரிய கரிம மூலக்கூறுகள். அவற்றை அப்படியே குடித்தாலும் பெரிய தீங்கில்லை. குளோரின் அந்த மூலக்கூறுகளில் பாய்ந்து துண்டு துண்டாகப் பிய்க்கிறது. பிய்த்த துண்டுகளில் தானும் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய சிறு துண்டுகளில் ஒன்றுதான் குளோரோஃபார்ம். மற்ற மூன்று முகடுகளில் புரோமின் ஏறியிருந்தது. அல்சேஸ் பகுதியின் பொட்டாஷ் சுரங்கங்கள் ரைனில் மலைமலையாக உப்பைக் கரைத்துவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரைன் நீரில் இருந்த புரோமைடையும் குளோரின் உசுப்பிவிட்டிருந்தது. இந்தப் புரோமைடை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் அத்தியாயத்தில் இது வேறு வேடத்தில் வரப்போகிறது.

1974-ல் ரோக் தன் முடிவை வெளியிட்டார். அந்த நான்கு பொருள்களைத் தண்ணீருக்குள் உண்டாக்கியது குடிநீர் நிலையமேதான்.

அப்படியானால் குளோரினை நிறுத்திவிட வேண்டியதுதானே?

*

அந்தக் கேள்விக்கு அவ்வளவு சுலபமாகத் தலையாட்டிவிட முடியாத ஒரு தேசம் ஜெர்மனி.

ஹாம்பர்க் கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே பார்த்தோம். 1892 காலராவில் எட்டாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அல்டோனா அதே எல்பே நதியைத்தான் குடித்தது. ஆனால் மணல் படுகையில் வடித்துக் குடித்தது, அதனால் தப்பியது. அதை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தும், ஒன்பதே ஆண்டுகளில் ரூர் நிலக்கரிப் பகுதியின் கெல்சென்கிர்ஷன் நகரில் டைஃபாய்டு பரவியது. ஏறக்குறைய 3,200 பேர் படுத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் எழுந்திருக்கவில்லை. காரணம் தேடி வந்தவர் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக். விசாரணையில் வெளிவந்த செய்தி ஊரையே கொதிக்க வைத்தது. கோடையில் தேவைக்குத் தண்ணீர் போதாமல், குடிநீர் நிறுவனம் ஒரு குழாயை ரகசியமாக ஆற்றுக்குள் நீட்டி, வடிகட்டாத ரூர் நீரை நேரே கலந்து அனுப்பியிருக்கிறது. 1904-ல் வழக்கு எஸ்ஸென் நகர நீதிமன்றத்தில் நடந்தது.

இப்படி அடிபட்ட மண்ணுக்கு குளோரின் வந்தபோது, அது வரமாகவே வந்தது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி 1908-ல் பெரிய அளவில் தொடங்கிய வழக்கம், உலகம் முழுக்கப் பரவியது. எத்தனை கோடி உயிர்களை அது காப்பாற்றியது என்று எண்ணி மாளாது. நம் பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிற பணியாளரும் அந்தப் பரம்பரையில் வந்தவர்தான். குளோரினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேசுகிறவர்கள் கெல்சென்கிர்ஷன் தாய்மார்களை ஒரு நிமிடம் நினைத்துவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் குளோரின் வந்ததோடு இன்னொன்றும் நடந்தது. அதை அப்போது யாரும் இழப்பாகவே கருதவில்லை. பழைய மணல் படுகைகளின் மேற்பரப்பில் வழுவழுவென்று ஒரு படலம் வளரும். அது பாக்டீரியாவும் பாசியும் இன்னும் பல நுண்ணுயிர்களும் சேர்ந்து கட்டிய படலம். அல்டோனாவைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு அதற்குத்தான். தண்ணீரில் வந்த கரிமப் பொருளை அது தின்று தீர்த்தது. குளோரினை முதலிலேயே ஊற்றத் தொடங்கியதும் அந்தப் படலம் செத்தது. கிருமி என்றாலே எதிரி என்று ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் பாடம் படித்தார்கள். நிலையத்துக்குள் ஓர் உயிரும் இருக்கக் கூடாது என்பதே சுத்தத்தின் இலக்கணமானது.

*

1974 நவம்பரில் மிசிசிப்பி நதியைக் குடிக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத் தண்ணீரில் கரிம ரசாயனங்களின் நீண்ட பட்டியல் இருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் அறிவித்தது. டிசம்பர் 16-ல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். 1976-ல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், அதிக அளவில் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் புற்றுக்கட்டிகள் வந்ததை வெளியிட்டது. ரோக்கின் நான்கு முகடுகளும் சேர்ந்து ஒரு லிட்டரில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 1979-ல் அங்கே விதி வந்தது.

அமெரிக்கா விதி எழுதிக்கொண்டிருந்தபோது, ரூர் நதிக்கரையில் ஒரு நகரம் வேறொரு வேலையில் இறங்கியிருந்தது.

*

மியூல்ஹைம். கெல்சென்கிர்ஷனிலிருந்து பக்கம்தான். ரூர் நதி ரைனில் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சுரங்கங்கள், எஃகு ஆலைகள், நகரங்கள் எல்லாம் பயன்படுத்தி விட்டது போக, மிச்சம் இந்த ஊருக்குத்தான் வரும்.

இங்கே டோனெ என்ற இடத்தில் குடிநீர் நிலையம். அதன் தலைவலி அமோனியா. கழிவுநீரிலிருந்து வரும் அமோனியாவைக் கோடையில் ஆற்றுப் பாக்டீரியாக்களே தின்றுவிடும். குளிர்காலத்தில் தண்ணீர் சில்லிட்டதும் அவை சோம்பிப்போகும், அமோனியா ஏறும். அந்த அமோனியாவைத் தொலைக்க நிலையம் நம்பியிருந்தது குளோரினை. ஆனால் ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க எட்டிலிருந்து பத்து மில்லிகிராம் குளோரின் வேண்டும். அதற்கப்புறம்தான் கிருமியைக் கொல்ல ஒரு துளியாவது மிஞ்சும். ஆகவே லிட்டருக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை குளோரினை ஊற்றினார்கள். வீட்டுக் குழாயில் மிச்சமிருக்க வேண்டிய குளோரின் அரை மில்லிகிராம்கூட இல்லை என்பதை வைத்துப் பார்த்தால், குளிர்காலத்தில் நூறு மடங்கு. ரூர் நீரின் கரிமப் பொருள்களோடு இவ்வளவு குளோரின் சேர்ந்தால் என்ன சமைந்திருக்கும் என்று ரோக்கின் குப்பி சொல்லிவிட்டது.

அப்படிச் சமைந்ததைப் பிடிக்க, கடைசியில் கரிப் படுகை ஒன்று வைத்திருந்தார்கள். சாதாரணக் கரி கிடையாது. நீராவியில் மிகுந்த சூட்டில் பக்குவப்படுத்தி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் திறந்துவிடப்பட்ட ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரிக்குள் விரியும் பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர். நாலைந்து கிரவுண்டு மனைக்குச் சமம். நம்மூர்க் கொட்டாங்குச்சியிலும் இது தயாராகி உலகம் முழுக்கப் போகிறது. ஜெர்மானியர்கள் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து எடுத்தார்கள். கரிமப் பொருள்கள் அந்தத் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எல்லாச் சுவரும் நிரம்பியதும் கரி வேலைநிறுத்தம் செய்துவிடும். வெளியே எடுத்து உலையில் சுட்டால்தான் மறுபடி உயிர் வரும். குளோரின் ஏறிய பொருள்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், மியூல்ஹைமில் சில வாரங்களுக்கு ஒருமுறை இப்படிச் சுட வேண்டியிருந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை.

கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹைன்ரிச் சோன்ட்ஹைமரும் அவருடைய குழுவும் நிலையத்துக்காரர்களோடு சேர்ந்து ஒரு மாற்றுத் திட்டம் வகுத்தார்கள். முன்னால் ஊற்றும் குளோரினை முழுவதுமாக எடுத்துவிடுவது. அந்த இடத்தில் ஓசோன்.

நல்ல திட்டம்தான். அதில் ஓர் ஓட்டை இருந்தது. ஓசோனால் அமோனியாவை அந்த நிலையில் ஒன்றும் செய்ய முடியாது. அமோனியாவைத் தொலைக்கத்தானே அத்தனை குளோரின் ஊற்றினார்கள்? அதை இனி யார் தின்பார்கள்?

*

அதற்குமுன் ஓசோனைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடுவோம்.

ஓசோனைக் கண்டு பெயரிட்டவர் வேதியியலாளர் ஷோன்பைன், 1840-ஐ ஒட்டி, ரைன் கரையில் இருக்கும் பாசெல் நகரத்தில். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த, நிலைத்து நிற்காத வாயு. சிலிண்டரில் அடைத்து லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. தேவைப்படும் இடத்திலேயே, காற்றின் வழியாக உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சித் தயாரிக்க வேண்டும். பிரான்சின் நீஸ் நகரம் 1906-லிருந்தே குடிநீரில் அதைக் குமிழிவிட்டு வந்தது. டியூசல்டார்ஃப் 1960-களின் தொடக்கத்தில் ஓசோனையும் கரியையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ரைன் கரையோரக் கிணற்று நீரின் துர்வாடையை விரட்டியது.

கரிமப் பொருள்களில் ஓசோன் இரட்டைப் பிணைப்பைத் தேடித்தான் பாயும். நீண்ட மூலக்கூறு அந்த இடத்தில் முறியும். முறிந்த முனைகளில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ளும். பழுப்பு நிறம் மங்கும், வாடை போகும். குளோரோஃபார்ம் உண்டாகாது. பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்றே தோன்றும்.

கருவியிடம் கேட்டால் வேறு பதில் வரும். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரிமக் கார்பன் என்று ஓசோனுக்கு முன்னும் பின்னும் அளந்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. மாசு எங்கும் போகவில்லை, துண்டாகி அதே தண்ணீரில்தான் கிடக்கிறது. ஃபார்மால்டிஹைடு, ஆக்சாலிக் அமிலம் என்று சின்னச் சின்ன மூலக்கூறுகள். இவற்றையும் கார்பன் டை ஆக்சைடாகும் வரை எரித்துத் தீர்க்க வேண்டுமானால் கொட்ட வேண்டிய ஓசோனுக்கு அளவில்லை. மின்கட்டணம் எந்த நகராட்சிக்கும் தாங்காது.

அதைவிட மோசமான சிக்கல் ஒன்றும் இருந்தது. சின்ன மூலக்கூறுகள் பாக்டீரியாவுக்கு விருந்து. முழுப் பலாப்பழத்தை எறும்புகள் சுற்றிச் சுற்றி வந்தாலும் தின்ன முடியாது. யாராவது அறுத்துச் சுளை எடுத்து வைத்துவிட்டால் ராத்திரிக்குள் காலி. ஓசோன் செய்வது அறுத்து வைக்கும் வேலை. அப்படி அறுத்து வைத்த தண்ணீரை அப்படியே ஊருக்கு அனுப்பினால், மைல் கணக்கில் நீளும் குழாய்களின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் பெருகி, நிலையத்தில் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

கிருமியைக் கொல்லக் கொண்டுவந்த ஓசோன் கிருமிக்கே சோறு போடுகிறது. இதிலிருந்து வெளியே வரும் வழி, பல ஆண்டுகளாகக் கண்முன்னால் கிடந்தது. அதை வழியென்று பார்க்கப் பழகியிராததால் தட்டுப்படவில்லை.

*

ஓசோனுக்கு அடுத்து கரிப் படுகை வைத்திருந்த இடங்களில் ஒரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. கரி சீக்கிரம் களைக்கவில்லை. துளைச் சுவர்கள் இந்நேரம் நிரம்பியிருக்க வேண்டும், கரி கைவிரித்திருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும் தேதி தாண்டிய பிறகும், உள்ளே போகும் கரிமப் பொருளைவிட வெளியே வருவது குறைவாகவே இருந்தது. பிரெமன் நகரச் சோதனைப் படுகைகளிலும் இதைக் கண்டார்கள்.

கரி கணக்கை மீறி வேலை செய்கிறதா, அல்லது வேறு யாராவது செய்கிறார்களா?

இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கரி ஒரு பொருளை வெறுமனே பிடித்து வைத்துக்கொண்டால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைய வேண்டிய அவசியமில்லை. கார்பன் டை ஆக்சைடு கூட வேண்டிய அவசியமும் இல்லை. ஏதாவது உயிர் அதைத் தின்றால் இரண்டும் நடந்தே தீரும், ஏனென்றால் தின்கிற உயிர் மூச்சு விடும். ஆகவே படுகைக்குள் நுழையும் தண்ணீரிலும் வெளியேறும் தண்ணீரிலும் இந்த இரண்டையும் அளந்தார்கள். ஆக்சிஜன் இறங்கியிருந்தது. கார்பன் டை ஆக்சைடு ஏறியிருந்தது. காணாமல் போன கரிமக் கார்பனில் எவ்வளவு தின்னப்பட்டது என்று அதிலிருந்தே கணக்குப் போட முடிந்தது.

ஒரு கரித்துணுக்கை எடுத்துக்கொள்வோம். ஓரிரு மில்லிமீட்டர் குறுக்களவு. கருப்பு, கரடுமுரடு. உள்ளே இருக்கும் நுண்துளைகளில் பெரும்பாலானவை பாக்டீரியா நுழைய முடியாத அளவு சிறியவை. கரிமப் பொருள்கள் மட்டும் போய் ஒட்டும். வெளிப்பக்கத்துப் பள்ளங்களிலும் வெடிப்புகளிலும் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. படுகையை அவ்வப்போது கீழிருந்து மேலாக நீர் பாய்ச்சிக் கழுவும்போதும் அந்தப் பள்ளங்கள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தண்ணீர் கடந்து போகும் சில நிமிடங்களுக்குள் கரி உணவைப் பிடித்து நிறுத்துகிறது, பாக்டீரியா தன் போக்கில் தின்கிறது. மேலே ஓசோன் மிச்சம் வந்தாலும் பயமில்லை. கரியின் மேற்பரப்பைத் தொட்டதுமே ஓசோன் சிதைந்து ஆக்சிஜனாகிவிடும். கொல்ல வந்த வாயு, படுகையின் மேலடுக்கைத் தாண்டுவதற்குள் மூச்சுக்காற்றாக மாறுகிறது.

அந்த மூச்சுக்காற்றில்தான் அமோனியாவுக்கும் பதில் இருந்தது. அமோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது இன்னொரு கூட்டம். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மெதுவாக வளர்பவை, ஆக்சிஜன் நிறைய வேண்டும், ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு நாலரை மில்லிகிராமுக்கு மேல். ஓசோன் சிதைந்து தந்த ஆக்சிஜன் அவற்றுக்குக் கைகொடுத்தது. குளோரின் ஊற்றிய காலத்தில் அவை படுகையில் தலையெடுத்திருக்கவே முடியாது. எந்தப் பாக்டீரியாவால் அமோனியாவைத் தீர்த்திருக்கலாமோ அதைக் கொன்றுவிட்டு, அமோனியாவைத் தீர்க்கக் குளோரின் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

*

1977-ல் டோனெ நிலையம் முழுவதும் புதிய முறைக்கு மாறியது. ஆற்று நீருக்கு முதலில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் ஓசோன். பிறகு அலுமினிய உப்பு சேர்த்துக் கலங்கலைத் திரட்டித் தெளிய வைப்பது. மறுபடி இரண்டு மில்லிகிராம் அளவில் ஓசோன். அதன்பின் வடிகட்டி, அதற்குப் பின் உயிருள்ள கரிப் படுகை. அங்கிருந்து தண்ணீரை நிலத்துக்குள் இறக்கி, மண் வழியாக ஊறவிட்டு மீண்டும் எடுத்தார்கள். அந்த மண்ணும் ஓர் உயிர்ப்படுகைதான். கடைசியில், குழாயில் போகும் வழிக்காகச் சிறிது குளோரின், 0.2 அல்லது 0.3 மில்லிகிராம். அந்த இடத்தில் குளோரினால் பெரிய தீங்கு செய்ய முடியவில்லை. அது பிய்த்து எடுக்க வேண்டிய கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் முன்னாலேயே தின்று முடித்திருந்தன.

மறுஆண்டு சோன்ட்ஹைமரும் உடன் உழைத்தவர்களும் இதை மியூல்ஹைம் முறை என்ற பெயரில் அமெரிக்கக் குடிநீர்ச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். கரியின் ஆயுள் வாரக்கணக்கை விட்டு ஆண்டுக்கணக்குக்குப் போயிருந்தது.

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ரசாயனமும் உயிரும் சேர்ந்தால் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பிரயோஜனமில்லை. வரிசைதான் எல்லாம். மியூல்ஹைமில் பாக்டீரியாவை முதலில் விட்டிருந்தால், பெரிய மூலக்கூறுகளைத் தின்ன முடியாமல் விட்டிருக்கும். பிறகு ஓசோன் வந்து அறுத்து வைத்ததை ஊர்க்குழாய் தின்றிருக்கும். ஓசோனை அதிகமாக ஊற்றினால் பணம் போகும். குறைத்து ஊற்றினால் கடினமான மூலக்கூறுகள் முறியாமல் தப்பும். எவ்வளவு முறிக்க வேண்டும் என்பதைத் தின்னப்போகிற பாக்டீரியாவைக் கேட்டுத்தான் தீர்மானிக்க முடியும். மேலே குறிப்பிட்ட ஒன்று, இரண்டு மில்லிகிராம் என்ற எண்களுக்குப் பின்னால் இருப்பது அந்த உழைப்பு.

பாக்டீரியாவையே கேட்கும் வித்தையை நெதர்லாந்துக்காரர் டிக் வான் டெர் கோய் 1982-ல் முறைப்படுத்தினார். தண்ணீரைக் குடுவையில் எடுத்துச் சூடாக்கி, அதிலிருக்கும் உயிர்களைத் தீர்த்துவிட்டு, தெரிந்த ஒரே வகைப் பாக்டீரியாவைச் சில நூறு மட்டும் விட வேண்டும். நாள்தோறும் அவை எத்தனையாகப் பெருகுகின்றன என்று எண்ண வேண்டும். எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு உணவு அந்தத் தண்ணீரில் மிச்சமிருக்கிறது. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் கார்பனுக்குக் கீழே இருந்தால் குளோரினே இல்லாமல் குழாயில் அனுப்பலாம் என்று அவர் கண்டார். ஆம்ஸ்டர்டாம் 1983-லேயே குளோரினைக் கைவிட்டது. கிருமியைக் கொல்வதற்குப் பதிலாகப் பட்டினி போடுவது. பழைய மணல் படுகைகளின் வழுவழுப்பான படலத்தைக் குளோரின் கொன்ற நாளிலிருந்து யாரும் நம்பத் துணியாத வழி அது.

அந்த நம்பிக்கைக்கு முதல் பெரிய சோதனை மூன்றே ஆண்டுகளில் வந்தது.

*

1986 நவம்பர் 1. புனிதர் அனைவரின் திருநாள் பிறந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஷோன்பைன் ஓசோனைக் கண்ட அதே பாசெல் நகரின் விளிம்பில், ஷ்வைட்சர்ஹாலே என்ற இடத்தில், சாண்டோஸ் ரசாயன நிறுவனத்தின் 956-ம் எண் கிடங்கின் கூரையைப் பிளந்துகொண்டு தீ எழுந்தது. உள்ளே 1,300 டன்னுக்கு மேல் ரசாயனங்கள். பெரும்பகுதி பூச்சிக்கொல்லிகள், அவற்றில் பாதரசம் கலந்தவையும் உண்டு. நகரம் முழுக்கச் சங்கு ஊதியது. ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று வானொலி சொன்னது. தீயணைப்பு வீரர்கள் விடிய விடிய நீரைப் பாய்ச்சினார்கள். பாய்ச்சிய நீர் கிடங்கின் விஷத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு வடிகால் வழியே ரைனில் இறங்கியது. கூடவே ஒரு சாயமும் இறங்கியதால், விடிந்தபோது ஆறு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

மியூல்ஹைம் ரூர் நதியைக் குடிக்கும் ஊர். அந்தச் சிவப்பு அங்கே எட்டாது. ஆனால் ஏறத்தாழ 580 கிலோமீட்டர் கீழே டியூசல்டார்ஃப் இருந்தது. அதற்கும் கீழே நெதர்லாந்தின் நிலையங்கள் இருந்தன. ஆற்றங்கரை மணலிலும் கரிப் படுகைகளிலும் பல ஆண்டுகளாக வளர்ந்து, லட்சக்கணக்கானவர்களின் தண்ணீரைத் தினமும் தின்று சுத்தப்படுத்திக்கொண்டிருந்த உயிர்கள் அங்கே இருந்தன.

ஆற்று நீரை எடுப்பதை நிறுத்தலாம். எத்தனை நாள் நிறுத்த முடியும்? கரையோரத்தில் மண்ணுக்கடியில் ஊறி வரும் தண்ணீரை எந்த மதகு போட்டு நிறுத்துவது? பூச்சிகளைக் கொல்வதற்கென்றே தயாரித்த நஞ்சு அந்தப் படலத்தைத் தொட்டால், தின்பவர்கள் பிழைப்பார்களா?

நிலையங்களின் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. சிவப்பு அலை மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே வந்துகொண்டிருந்தது.

(தொடரும்)